பீர் பெட்டி

எங்கள் பள்ளி நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்காக மாட்டியது. ஆனால் அந்த அறையில் அதனால் அதிகம் பயன் அடைந்தவன் நான்தான்.

பள்ளி ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தேன். முதலில் பல வருடங்கள் கேட்டில் போட்டிருந்தார்கள். கேட்டில் நிற்பவன் நாள் முழுக்கப் பேச வேண்டும். தாமதமாக வரும் பிள்ளையை அதட்ட வேண்டும், கோபத்தோடு வரும் அப்பாவைச் சமாளிக்க வேண்டும், ஆட்டோவைத் தள்ளி நிறுத்தச் சொல்ல வேண்டும். எனக்கோ முன்பின் தெரியாதவரிடம் பேசவே வராது. பஸ்ஸில் வழியை மறித்து நிற்பவரிடம் 'கொஞ்சம் தள்ளுங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவனை ஒரு நாள் நூலகத்துக்கு உதவியாளாக மாற்றினார்கள். புத்தகத்தை அடுக்குவது, கிழிந்த அட்டையை ஒட்டுவது, பதிவேட்டில் எழுதுவது. எனக்கென்று ஒரு நாற்காலியும் இருந்தது. அந்த மாற்றத்தைப் பெரிய அருளாகத்தான் நினைத்தேன்.

நூலகர் மேடம் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போன சமயத்தில்தான் அந்த இணையதளம் எங்கள் பள்ளிக்கு வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் தேடிப் படிப்பதற்கான இடம் அது. எல்லாரும் டேட்டாபேஸ் என்றார்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிராஜெக்ட் செய்யும்போது கண்ட இடத்திலிருந்து எடுத்து ஒட்டக்கூடாது, இதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நூலகத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டார்கள். "மேடம் வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்குங்க பாய்" என்றார் தலைமையாசிரியை. பள்ளியில் ஆசிரியர்கள் எல்லாரும் என்னை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு அண்ணா.

சொல்லிக்கொடுக்க அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு மணி நேரம், பாதி ஆங்கிலம், பாதி தமிழ், வேகமான பேச்சு. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். எங்கே பாஸ்வேர்டு போடுவது, எங்கே சொல்லைத் தட்டுவது, முழுக் கட்டுரை வேண்டுமென்றால் எதை அழுத்துவது. "முக்கியமா இந்த பாக்ஸை டிக் பண்ணிடுங்க, பீர் ரிவ்யூட். அப்பதான் நம்பகமான கட்டுரை மட்டும் வரும்" என்றாள்.

பீர்.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் பாதி உருது, பாதி தமிழ். பீர் என்றால் ஞானி, பெரியவர். நான் சிறுவனாக இருந்தபோது வருடத்துக்கு ஒரு முறை ஒரு பீர் எங்கள் சந்துக்கு வருவார். பெண் பார்ப்பதா, கடை திறப்பதா, வெளியூர் போவதா, எல்லாவற்றையும் அம்மா அவரிடம் கொண்டுபோய் வைப்பார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டுச் சரி என்பார், அல்லது தலையை அசைப்பார். அதோடு பேச்சு முடிந்தது. திரையில் இருந்த ஆங்கில எழுத்துகளையும் கூட்டிப் பார்த்தேன். என் பெரிய மாமாவின் பெயரிலும் பீர் உண்டு. அவருடைய ரேஷன் கார்டில் எப்படி எழுதியிருந்ததோ அதே நான்கு எழுத்துகள். சந்தேகமே இல்லை.

வெளிநாட்டு இணையதளத்தில் பீர் எப்படி வந்தார் என்று யோசிக்காமல் இல்லை. எல்லா ஊரிலும் பார்த்துச் சரி சொல்ல ஒரு பெரியவர் இருப்பார், அவரை இப்படிக் குறிப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். போதாததற்கு எங்கள் உயிரியல் சார் வேறு அதை உறுதி செய்தார். நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு வரும் மயிலாப்பூர்க்காரர். ஒரு நாள் நூலகத்துக்கு வந்து, "பாய், நான் கிளாஸ்ல சொல்லிண்டே இருக்கேன். பீர் ரிவ்யூட் இல்லாம எதை எடுத்துண்டு வந்தாலும் நான் தொடக்கூட மாட்டேன். நீங்களும் பசங்ககிட்ட சொல்லுங்கோ" என்றார். விபூதி பூசிய ஒருவர் பீரின் மேல் இவ்வளவு மரியாதை வைத்திருப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமும் விளக்கம் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வேறு விஷயங்கள்தான் குழப்பின. மெரினாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு பிள்ளை தேடினால் ஏதேதோ நாடுகளில் படகு நிறுத்தும் துறைகளும், மெரினா என்று பெயர் வைத்துக்கொண்ட பெண்கள் எழுதிய கட்டுரைகளும் வந்து கொட்டின. எங்கள் கடற்கரையைக் காணோம். சிலது நான்கு வரி மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். பிள்ளைகள் கை தூக்கிக்கொண்டே இருப்பார்கள். "அண்ணா, இது ஏன் திறக்கல?" "அண்ணா, எனக்கு எதுவுமே வரல." ஒரு பீரியடில் நாற்பது பிள்ளைகள். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே நான் கேட்டில் பேசியதைவிட அதிகம் பேச வேண்டியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் காதுக்குள் இரைந்தது.

அதற்காகத்தான் அந்த சார்ட்டை எழுதினேன். பேசாமல் இருப்பதற்காக.

வெள்ளை சார்ட் பேப்பர் வாங்கி, நீல ஸ்கெட்ச் பேனாவால், ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தமிழில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். கம்ப்யூட்டரைத் திறப்பதிலிருந்து கட்டுரையைச் சேமிப்பது வரை ஏழு வரிகள். நான்காவது வரி இது: 'இடது பக்கம் பீர் பெட்டி இருக்கும். அதை மறக்காமல் டிக் செய்யவும். பீர் இல்லாமல் கொண்டுபோனால் சார் ஏற்றுக்கொள்ள மாட்டார்.' பீர் என்ற சொல் கண்ணில் பட வேண்டும் என்று அதை மட்டும் சிவப்பில் எழுதினேன். கதவுக்கு நேர் எதிரே ஒட்டினேன்.

மறுநாளே பலன் தெரிந்தது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நூலகப் பீரியட் இல்லாத வகுப்பிலிருந்தும் வந்தார்கள். சார்ட்டின் முன்னால் நின்று படித்தார்கள், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள். யாரும் என்னிடம் சந்தேகம் கேட்கவில்லை. ஒருவன் மட்டும் போகும்போது, "அண்ணா, சூப்பர் அண்ணா. கூலிங்கா கெடைக்குமா?" என்றான். ஏசியைக் கேட்கிறான் என்று நினைத்து, "ரிப்பேர்ப்பா, அடுத்த வாரம் வரும்" என்றேன். வெளியே போய் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தது எனக்குக் கேட்டது. இந்த வயதில் எதற்கும் சிரிப்பார்கள்.

பத்து நாள் கழித்து சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் நடந்தது. நூலகத்தையும் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு அப்பா சார்ட்டை வெகு நேரம் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டார். நான் எழுந்து நின்று வணக்கம் வைத்தேன். அவர் வைக்கவில்லை.

அவர் போன சற்று நேரத்தில் லேப் அட்டெண்டர் அம்மா வந்தாள். நொச்சிக்குப்பத்துக்காரி, என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அவள் வேதியியல் லேபைக் கழுவிவிட்டுப் பத்து நிமிடம் என் அறையில் மின்விசிறிக்குக் கீழே நிற்பது வழக்கம். அன்றைக்கு வந்ததும் வராததுமாக இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா பாய், ஒயின் ஷாப் தொறந்துகீறியா?"

"என்னம்மா?"

"கீழ ஆபீஸ்ல ஒரே ரகள. பீர் பொட்டிய டிக் பண்ணு, பீர் இல்லாம வந்தா வாத்தியாரு சேத்துக்க மாட்டாருன்னு எழுதி வச்சிக்கினு கீறியாமே. நான் சொன்னேன், நம்ம பாய் பாக்குகூடப் போடாதுன்னு. வந்து பாத்தா மெய்யாலுமே எழுதிகீது. அதுவும் செவப்புல!"

நான் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தேன். அதுவரை எத்தனையோ முறை பார்த்த எழுத்து. அந்த நிமிடத்தில்தான் முதல் முறையாக மற்றவர்கள் படிப்பதுபோலப் படித்தேன். காது மடல் சுட்டது. தமிழில் இருக்கிற ஒரே 'ப'தான் அந்தச் சொல்லுக்கும், இந்தச் சொல்லுக்கும். எழுதும்போது என் காதில் பெரியவர்தான் ஒலித்துக்கொண்டிருந்தார். படித்தவர்கள் காதில் பாட்டில் திறந்துகொண்டிருக்கிறது.

"அது பீர்ம்மா" என்றேன், உதட்டை அழுத்தி.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள்.

சார்ட்டைக் கழற்றிச் சுருட்டி முடிப்பதற்குள் தலைமையாசிரியை மேடம் கூப்பிட்டுவிட்டார். உள்ளே உயிரியல் சாரும் இருந்தார். மேடத்தின் போனில் என் கையெழுத்து. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

"பாய், நீங்க இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியும். ஆனா கரஸ்பாண்டன்ட் சார் கேக்கறாரு. இது என்ன?"

"பீர் மேடம்."

மேடம் என் வாயையே பார்த்தார். "சொல்லும்போது சரியாத்தான் இருக்கு. எழுதினாத்தான் வம்பு." அவர் சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சார் மெதுவாகக் கேட்டார். "பாய், தப்பா எடுத்துக்காதீங்கோ. பீர் ரிவ்யூட்னா என்னன்னு நெனச்சுண்டு எழுதினேள்?"

"பெரியவர் பாத்துச் சரி சொன்னது சார். உங்க பக்கம் சாமியார் மாதிரி."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவர் இல்ல பாய். சமமானவா. ஒரு கட்டுரையை எழுதினவர் மாதிரியே, அதே துறையில இருக்கற இன்னொருத்தர் படிச்சுப் பாத்து, குறை சொல்லி, அப்புறம்தான் அச்சாகும். மேல இருக்கறவர் இல்ல, பக்கத்துல இருக்கறவர்."

"சமமானவங்க எப்படி சார் சரி சொல்ல முடியும்?"

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாய், உங்களத் திரும்பக் கேட்டுக்கு அனுப்பிட்டு ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர லைப்ரரில போடச் சொல்றாரு கரஸ்பாண்டன்ட். நான் ஒரு சான்ஸ் கேட்டு வாங்கியிருக்கேன். திங்கக்கெழம லெவன்த் பிக்கு லைப்ரரி பீரியட். சார்ட்டு கீர்ட்டு ஒண்ணும் வேண்டாம். நீங்க வாயால சொல்லுங்க. நான் பின்னாடி நிப்பேன். பசங்களுக்குப் புரிஞ்சா நீங்க அங்கயே இருக்கலாம். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பேசாமல் இருப்பதற்காக எழுதினேன். எழுதாமல் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த அறையில் இருக்க வேண்டுமென்றால் பேசியே ஆக வேண்டும். மயிலாப்பூர் வரை நடந்தே வீட்டுக்குப் போனேன். எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று யோசித்தால் ஒவ்வொரு தெருமுனையிலும் வேறு இடம் அகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மெத்தை விரிப்பு வாங்க வேண்டும் என்று என் மனைவி தி.நகருக்கு அழைத்துப் போனாள். ரங்கநாதன் தெருவின் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் நான் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தேன். "பிள்ளைங்களா, பீர்னா சமமானவங்க. பக்கத்துல இருக்கறவங்க." என் பக்கத்தில் இருந்தவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு போனார்கள்.

"யார்கூடப் பேசறீங்க?" என்றாள் மனைவி.

"உன்கூடத்தான்."

"என்கூட இவ்வளவு பேச மாட்டீங்களே."

ஒரு கடையில் பூப்போட்ட விரிப்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் இன்னொரு அம்மா அதே ரகத்தை மடித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். என் மனைவி சட்டென்று அவரிடம் கேட்டாள். "அக்கா, இது முன்னாடி வாங்கியிருக்கீங்களா? சாயம் போவுதா?"

"மொதத் துவையல்ல கொஞ்சம் போவும்மா, அப்புறம் நின்னுடும். அந்த மஞ்சள மட்டும் தொடாத. எனக்கு ரெண்டே மாசத்துல வெளுத்துப்போச்சு."

"அம்மா, நம்ம கடைல எதுவுமே சாயம் போகாதும்மா" என்று உள்ளேயிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார்.

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி பச்சையை எடுத்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "கடைக்காரர நம்பாம அவங்கள நம்பறியே. அவங்க யாரு என்னன்னே தெரியாது."

"அவரு விக்கறவரு, சாயம் போவும்னா சொல்லப் போறாரு? இவங்க என்னை மாதிரி, காசு போட்டு வாங்கித் தொவச்சவங்க. இது என்ன கேள்வி?"

அவளுக்கு அது கேள்வியாகவே படவில்லை. எனக்கோ பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அதே நினைப்பு. ஏதோ பிடிபட்டதுபோல இருந்தது, உடனே நழுவியது. எங்கள் பீர் சரி என்று சொல்லி என் அண்ணன் திறந்த கடை ஆறு மாதத்தில் மூடிப்போனது. பீர் சொன்னது தப்பு என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. நாம்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்றார் அம்மா. சந்தில் அதே வியாபாரம் செய்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ? கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்களா, போட்டிக்கு வருகிறான் என்று தடுத்திருப்பார்களா? சமமானவர் என்றால் போட்டிக்காரரும்தானே. இதை சாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட். பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு உள்ளே வந்தது. மேடம் செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். பாஸ்வேர்டு, தேடுவது, முழுக் கட்டுரை, மூன்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அண்ணா, சத்தமா" என்றார்கள். அடுத்தது நான்காவது. வேறு வழியில்லை.

"இடது பக்கம் பீர் ரிவ்யூட்னு இருக்கும்" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன் சன்னமாக, "சியர்ஸ்" என்றான். மொத்த வகுப்பும் வெடித்தது. மேடம் ஒரு அடி முன்னால் வந்தார். சிரிப்பு அடங்கியது. எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றும் தெரியவில்லை. ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோய், "நேத்து எங்க வீட்டுல மெத்தை விரிப்பு வாங்கப் போனோம்" என்று ஆரம்பித்தேன்.

விரிப்பு, சாயம், கடைக்காரர், அந்த அம்மா, மஞ்சள், பச்சை, எல்லாவற்றையும் சொன்னேன். "எழுதினவரு என் கட்டுரை நல்லாயிருக்குன்னுதான் சொல்வாரு. கடைக்காரரு மாதிரி. அதனால அவரு மாதிரியே வேலை பாக்கற இன்னொருத்தர் படிச்சுப் பாத்து, மஞ்சளத் தொடாதன்னு சொல்வாரு. அப்படிப் பாத்ததுக்குத்தான் அந்தப் பெட்டி. நான் வேற என்னமோன்னு நெனச்சு எழுதிட்டேன். தப்பு என்னோடதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அறிவியலில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள்.

"அண்ணா, அந்த அம்மா சொன்னதே தப்பா இருந்தா? அவங்க வீட்டுல தண்ணி உப்பா இருந்து, அதனால மஞ்சள் வெளுத்திருந்தா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் சந்தில் தண்ணீர் எப்படி என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். மேடத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"அப்ப டிக் போட்டு எடுத்தாலும், நாங்களும் படிச்சுப் பாத்து யோசிக்கணுமா?"

"ஆமா. படிக்கணும்."

"அய்யோ, அண்ணா!" என்று பின் வரிசையிலிருந்து முனகல் எழுந்தது. பிறகு நாற்காலிகளை இழுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கம்ப்யூட்டர்களின் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாரும் டிக் போட்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் செய்தித்தாள் மேசை அருகே மேடம் இல்லை. எப்போது போனார் என்று தெரியவில்லை. என்னுடைய 'தெரியல' வருவதற்கு முன்பா, பின்பா?

மதியம் வரை தகவல் ஏதும் வரவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கேட்டில் வைத்திருந்த என் பழைய குடை இன்னும் அங்கேதான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது.

கடைசி பீரியடுக்கு முன்னால் லேப் அட்டெண்டர் அம்மா சர்க்குலர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சர்க்குலர் கொண்டுபோகும் ஆள் அன்றைக்கு லீவு. நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். ஆங்கிலத்தில் ஒரு அட்டவணை. செவ்வாய் ஒன்பதாம் வகுப்பு, புதன் பத்து, வியாழன் பதினொன்று ஏ, வெள்ளி பன்னிரண்டு, அப்புறம் ஆசிரியர்களுக்குத் தனியாக சனிக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் நேராக என் பெயர். முழுப் பெயர், இனிஷியலோடு. பாய் என்று இல்லை.

"இது என்னன்னு பாரும்மா" என்றேன். "என்னை இங்கயே இருக்கச் சொல்றாங்களா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "ஸ்கூல் மொத்தத்துக்கும் நீ வாயத் தொறந்து பேசணும்னு போட்டுகீது. கேட்டுல கூட இவ்ளோ பேசியிருக்க மாட்ட. கையெழுத்துப் போடு பாய், எனக்கு இன்னும் நாலு ரூம் போவணும்."

ஆசிரியர்களுக்கு என்று போட்டிருந்த சனிக்கிழமையை இன்னொரு முறை படித்தேன். அவர்கள் முன்னால் நான் நிற்பதை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. பேனாவைத் திறந்து, என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன்.